கைனேஸ் வேலை செய்கிறதா? ஒளிரும் பெப்டைடால் அளக்க ஒரு தொடக்க வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மற்ற மாதங்களில் அத்தனை படகுகளைக் கரையில் சேர்த்துப் பார்க்கவே முடியாது. ஆனால் அவற்றில் ஒன்றுகூடக் கடலுக்குப் போகாது. படகை எண்ணி மீன் வரத்தைச் சொல்ல முடியாது.

செல்லுக்குள் இருக்கும் நொதிகளும் இப்படித்தான். வெஸ்டர்ன் பிளாட் எடுத்தால் ஒரு கைனேஸ் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அது கட்டிக் கிடக்கிறதா, கடலுக்குப் போயிருக்கிறதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் கருவிகளில் ஒன்று ஒளிரும் பெப்டைடு சென்சார், அதாவது ஒளிரும் மூலக்கூறு கோத்த ஒரு சின்ன அமினோ அமிலச் சரம்.

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகள் வருவார்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் உயிர்வேதியியல் முடித்துவிட்டு முதல் தடவை ஆய்வுக்கூடத்துக்குள் காலடி வைப்பவர்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் குறிப்பேட்டில் சேர்ந்ததை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். பிகேஏ என்ற கைனேஸை எடுத்துக்கொண்டு, பெப்டைடு வாங்குவதிலிருந்து கடைசி எண் வரை போகலாம்.

எதை அளக்கிறோம்

கைனேஸின் வேலை ஒன்றுதான். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியின் மூன்று பாஸ்பேட்டில் கடைசியைக் கழற்றி, ஒரு புரதத்தில் இருக்கும் செரின், திரியோனின், டைரோசின் ஆகியவற்றில் ஒன்றின் மேல் மாட்டுவது. இந்த மாட்டலும் கழற்றலும்தான் செல்லுக்குள் செய்தி போகும் வழி. இதை முதலில் கண்டுபிடித்துக் காட்டிய எட்மண்ட் ஃபிஷருக்கும் எட்வின் கிரெப்ஸுக்கும் 1992இல் நோபல் பரிசு கிடைத்தது. மனித மரபணுத் தொகுப்பில் கைனேஸ்கள் 518 இருப்பதாக 2002இல் பட்டியல் போட்டார்கள்.

முன்பெல்லாம் இதை அளக்கக் கதிரியக்க பாஸ்பரஸ் 32 கொண்ட ஏடிபி வேண்டும். வினையை நடுவில் நிறுத்தி, பெப்டைடைக் காகிதத்தில் பிடித்து, கழுவி, எண்ண வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு, அனுமதி, தனி அறை எல்லாம் தேவை. அதைவிடப் பெரிய குறை, ஒரு மாதிரிக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். ஒளிரும் பெப்டைடில் வினை நடக்க நடக்கவே பார்க்கலாம். கோடு எப்போது வளைகிறது, எப்போது நிற்கிறது என்பது கண் முன்னால் தெரியும். என்னைக் கேட்டால், இந்த முறையின் உண்மையான பலம் இதுதான்.

எந்தச் சென்சார்

ஒளிரும் பெப்டைடு பல வகை. புரதத்தை வெட்டும் நொதிக்கு ஏஎம்சி என்ற ஒளிர் மூலக்கூறு கோத்த பெப்டைடு போதும். கேஸ்பேஸ் 3க்குப் பயன்படும் ஆஸ்பார்டிக், குளுடாமிக், வேலின், ஆஸ்பார்டிக் என்ற நான்கு அமினோ அமிலச் சரத்தின் முனையில் ஏஎம்சியைக் கோத்திருப்பார்கள். வெட்டு விழுந்ததும் ஏஎம்சி விடுபட்டு 460 நானோமீட்டர் பக்கம் நீலமாக ஒளிரும். இன்னொரு வகையில் ஒரு முனையில் ஒளிர்பவர், மறு முனையில் அதை அணைப்பவர் என்று இரண்டு மூலக்கூறுகள் இருக்கும். நடுவில் வெட்டினால் இரண்டும் பிரிந்து ஒளி வரும்.

கைனேஸ் எதையும் வெட்டுவதில்லை. 80 டால்டன் எடையுள்ள ஒரு சின்னக் குழுவை ஒட்ட மட்டும் செய்கிறது. அந்த ஒட்டலை ஒளியாக மாற்ற எம்ஐடியில் பார்பரா இம்பீரியாலி குழுவினர் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. 'சாக்ஸ்' என்ற ஒளிரும் அமினோ அமிலத்தைப் பெப்டைடில், பாஸ்பேட் ஏறப்போகும் இடத்துக்கு இரண்டு இடம் தள்ளி வைக்கிறார்கள். சாக்ஸ் தனியாக இருந்தால் மக்னீசியத்தை வலுவில்லாமல்தான் பிடிக்கும். பக்கத்தில் பாஸ்பேட் வந்து உட்கார்ந்ததும் சாக்ஸ் ஒரு கை, பாஸ்பேட் ஒரு கை என்று மக்னீசியத்தை இரண்டும் சேர்ந்து இறுக்கிப் பிடிக்கும். அப்போது 360 நானோமீட்டர் ஒளியைக் கொடுத்தால் 485இல் பளிச்சென்று வெளிச்சம் வரும். செல்லை உடைத்து எடுத்த கரைசலான லைசேட்டிலேயே பல கைனேஸ்களை இப்படி அளந்து 2005இல் வெளியிட்டார்கள்.

உயிருள்ள செல்லுக்குள் பார்க்க வேண்டுமானால் வேறு வழி உண்டு. 2001இல் ஜின் ஜாங், ரோஜர் சியென் குழுவினர் இரண்டு நிற ஒளிர் புரதங்களைக் கோத்துப் பிகேஏவுக்கு ஒரு சென்சார் செய்தார்கள். செல்லே அதை உற்பத்தி செய்துகொள்ளும். நுண்ணோக்கியும் பொறுமையும் இருந்தால் அருமையான கருவி, ஆனால் முதல் நாள் வேலைக்கு அது வேண்டாம். பிளேட்டின் ஒளியை அளக்கும் பிளேட் ரீடரும் லைசேட்டும் போதும்.

பிகேஏவுக்கு அடிப்படைச் சரம் ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட கெம்ப்டைடு: லியூசின், ஆர்ஜினின், ஆர்ஜினின், அலனின், செரின், லியூசின், கிளைசின். செரினுக்கு முன்னால் இருக்கும் இரண்டு ஆர்ஜினின்கள்தான் பிகேஏ அடையாளம் காணும் முகம். ஆர்டர் கொடுக்கும்போது மூன்று பெப்டைடுகளாகக் கேளுங்கள். ஒன்று சாக்ஸ் வைத்த சென்சார். இரண்டாவது, அதே பெப்டைடில் செரினில் ஏற்கெனவே பாஸ்பேட் ஏற்றியது. மூன்றாவது, செரினுக்குப் பதில் அலனின் வைத்தது. செலவு அதிகம் என்று இரண்டாவதையும் மூன்றாவதையும் விட்டுவிடச் சொல்வார்கள். விடாதீர்கள். இரண்டாவது இல்லாமல் உங்கள் எண்ணுக்கு அலகு கிடையாது. மூன்றாவது இல்லாமல் அந்த வெளிச்சம் செரினிலிருந்துதான் வந்தது என்று யாருக்கும் காட்ட முடியாது. பெட்டி வந்ததும் கூடவே வரும் நிறை அளவீட்டுத் தாளைப் பாருங்கள். பாஸ்பேட் ஏறியது, பாஸ்பேட் இல்லாத முதல் சென்சாரைவிட 80 டால்டன் கூடுதலாக இருக்க வேண்டும்.

பெப்டைடு வந்து சேர்ந்ததும்

உலர்ந்த பெப்டைடு ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் கடற்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ராயபுரத்தில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் சாயங்காலம் கட்டியாகிவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் உள்ளே பனி வேர்த்துத் தூள் பசையாகும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே திறங்கள். ஒரு மணி நேரம் ஆகும், பரவாயில்லை.

குப்பியில் ஒரு மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் அத்தனையும் பெப்டைடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தயாரிக்கும்போது ஒட்டிக்கொள்ளும் உப்பும் ஈரமும் கால் பங்கு வரைகூட இருக்கலாம். எடையை வைத்துச் செறிவைக் கணக்கிட்டால் முதல் படியிலேயே பிழை வந்துவிடும். கரைத்த பிறகு சாக்ஸின் ஒளி உறிஞ்சலை அளந்து செறிவைக் கண்டுபிடியுங்கள். மூன்று பெப்டைடையும் ஒரே நாளில், ஒரே கருவியில் அளந்தால் இன்னும் நல்லது.

ஸ்டாக் கரைசலை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 1 மில்லிமோலார் போட்டு, 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து, வெளிச்சம் படாத ட்யூபில் உறைய வையுங்கள். இங்கே எல்லாப் புதியவர்களும் தடுமாறும் ஒரு இடம் உண்டு. டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். ட்யூபைப் பனிக்கட்டியில் வைத்துக்கொண்டு உருகட்டும் என்று காத்திருந்தால் நாள் முழுக்க உருகாது. அறை வெப்பநிலையில் வையுங்கள், உருகியதும் சுழற்றிக் கலக்குங்கள், அப்புறம் எடுங்கள். பாதி உருகியதில் பிப்பெட்டை வைத்தால் செறிவு தாறுமாறாகும்.

பெப்டைடில் கொஞ்சத்தையாவது கரைக்காமல் தூளாகவே வைத்துக்கொள்ளச் சொல்வேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நான் அப்போது வேலை பார்த்த கூடத்தில் ஃப்ரீசர் நின்றுபோனது. உறைய வைத்திருந்த லைசேட் அத்தனையும் வீண். மூடி திறக்காத தூள் குப்பிகள் மட்டும் பிழைத்தன. தண்ணீர் வடிந்த பிறகு அவற்றிலிருந்துதான் மறுபடி தொடங்கினோம்.

தூய நொதியோடு ஒத்திகை

நேராக லைசேட்டுக்குப் போகாதீர்கள். பிகேஏவின் வினையூக்கித் துணைப்பகுதி தூய்மையாக விலைக்குக் கிடைக்கிறது. அதை வைத்துச் சென்சார் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கலவை இது: ஹெப்பீஸ் பஃபர் 50 மில்லிமோலார், பிஎச் 7.4. மக்னீசியம் குளோரைடு 10 மில்லிமோலார். நொதி ஆக்சிஜனேற்றம் ஆகாமல் காக்கும் டிடிடி 1 மில்லிமோலார். புரதம் பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் இருக்க பிரிஜ் 35 என்ற சோப்பு 0.01 சதவீதம். சென்சார் 10 மைக்ரோமோலார். கடைசியாக ஏடிபி 1 மில்லிமோலார். ஒரு வெல்லுக்கு (பிளேட்டில் இருக்கும் சின்னக் குழிக்கு) மொத்தம் 100 மைக்ரோலிட்டர், 96 வெல் கொண்ட கறுப்புப் பிளேட், 30 டிகிரி.

இந்தப் பட்டியலில் இரண்டு இடத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலாவது மக்னீசியம். இந்தச் சென்சாரின் ஒளியே மக்னீசியத்தை நம்பி இருக்கிறது. ஏடிபியும் தன் பங்குக்கு மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏடிபியை 5 மில்லிமோலாராக ஏற்றிவிட்டு மக்னீசியத்தை அப்படியே விட்டால் ஒளி குறையும், நொதி மந்தமானதாகத் தோன்றும். ஒன்றை மாற்றினால் மற்றதையும் பாருங்கள்.

இரண்டாவது ஏடிபியின் அமிலத்தன்மை. ஏடிபி தூளைத் தண்ணீரில் கரைத்து அப்படியே ஊற்றினால் பஃபரின் பிஎச் இறங்கும். சாக்ஸின் ஒளி பிஎச்சுக்கு ஏற்ப மாறும். ஏடிபி சேர்த்ததும் கோடு சட்டென்று கீழே விழுந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஸ்டாக்கை சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 7க்குக் கொண்டுவந்து, சிறிது சிறிதாகப் பிரித்து உறைய வையுங்கள்.

நொதியின் அளவை இரண்டு மடங்காக்கினால் கோட்டின் சரிவும் இரண்டு மடங்காக வேண்டும். அப்படி வந்தால் ஒத்திகை முடிந்தது. வரவில்லை என்றால் நொதி அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள், முதல் வாசிப்புக்கு முன்பே சென்சாரைத் தின்று முடித்திருக்கும். பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள்.

செல்லை உடைக்கும் சில நிமிடம்

மீன் வலையிலிருந்து வந்ததும் பனிக்கட்டிக்குள் போக வேண்டும் என்று காசிமேட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மீன் செத்தாலும் அதன் நொதிகள் சாகவில்லை, அவை தசையைக் கரைத்துக்கொண்டே இருக்கும். செல்லை உடைத்ததும் அதே கதை. புரதத்தை வெட்டும் நொதிகளும் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளும் தடுப்பாரின்றி ஓடத் தொடங்கும். பஃபர், ட்யூப், சென்ட்ரிஃபியூஜ் எல்லாம் செல்லைத் தொடுவதற்கு முன்பே குளிர்ந்திருக்க வேண்டும்.

பிகேஏவைத் தூண்ட ஃபோர்ஸ்கோலின் பயன்படுத்துவோம். சேலம் பக்கத்து விவசாயிகள் பயிரிடும் மருந்துக் கூர்க்கன் செடியின் கிழங்கு வேரிலிருந்து வருவதுதான் இந்த ஃபோர்ஸ்கோலின். முதன்முதலில் அதைப் பிரித்தெடுத்ததும் இந்தியாவில்தான். அது அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டும், செல்லுக்குள் தூது போகும் சைக்ளிக் ஏஎம்பி ஏறும், பிகேஏ விழிக்கும். 10 மைக்ரோமோலார், 15 நிமிடம். பக்கத்துத் தட்டில் டிஎம்எஸ்ஓ மட்டும் அதே அளவு.

செல்லைக் குளிர்ந்த பஃபர் சலைனால் இரண்டு தடவை கழுவி, லைசிஸ் பஃபரை ஊற்றிச் சுரண்டி எடுங்கள். ஹெப்பீஸ் 50 மில்லிமோலார், உப்பு 150 மில்லிமோலார், டிரைட்டன் என்ற சோப்பு 1 சதவீதம், பாஸ்பேட் கழறாமல் தடுக்கும் பீட்டா கிளிசரோபாஸ்பேட், வனடேட், அதோடு புரோட்டியேஸ் தடுப்பான். தடுப்பான் மாத்திரை வாங்கும்போது இடிடிஏ இல்லாத வகை என்று கேட்டு வாங்குங்கள். இடிடிஏ மக்னீசியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், உங்கள் சென்சார் குருடாகும். வெஸ்டர்ன் பிளாட் செய்பவர்கள் தாராளமாக ஊற்றும் சோடியம் ஃப்ளோரைடும் இங்கே தொல்லைதான், மக்னீசியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகிக் கரைசலைக் கலங்கடிக்கும். பக்கத்து மேசையில் இருக்கும் பஃபரைக் கடன் வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. இந்த ஒரு வேலைக்கு மட்டும் உங்கள் பஃபரை நீங்களே செய்யுங்கள்.

பிகேஏவுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. சைக்ளிக் ஏஎம்பி இருக்கும்வரைதான் அதன் வினையூக்கிப் பகுதி விடுதலையாக இருக்கும். செல்லை உடைத்து நீர்த்ததும் சைக்ளிக் ஏஎம்பியும் நீர்த்துப்போகும், கட்டுப்படுத்தும் பகுதி மறுபடி வந்து அணைத்துக்கொள்ளும். ஃபோர்ஸ்கோலின் கொடுத்தும் கொடுக்காததும் ஒன்று போலவே இருக்கிறதே என்று தலையில் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு லைசேட்டையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றில் சைக்ளிக் ஏஎம்பி சேர்த்தும் மற்றதில் சேர்க்காமலும் அளங்கள். சேர்த்தது மொத்தப் படகு, சேர்க்காதது அந்த நேரத்தில் கடலில் இருந்த படகு. இரண்டின் விகிதம்தான் பேச வேண்டிய எண். உடைத்ததிலிருந்து அளப்பது வரை எத்தனை நிமிடம் என்பதை எல்லா மாதிரிக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

லைசேட்டைச் சுழற்றி, தெளிந்ததை எடுத்துப் புரத அளவு பாருங்கள். டிரைட்டன் இருப்பதால் பிராட்ஃபோர்டு முறை தவறான எண் தரலாம், பிசிஏ நல்லது. ஆனால் டிடிடி கலந்துவிட்டால் பிசிஏவும் கெடும் என்பதால் லைசிஸ் பஃபரில் டிடிடி போடாமல் வினைக் கலவையில் மட்டும் போடுங்கள்.

வெல்களை நிரப்புவது

வெளிச்சம் வந்தால் நொதி வேலை செய்தது என்று அர்த்தம் இல்லை. வெளிச்சம் வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. நொதி அதில் ஒன்று. மற்ற ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வெல் ஒதுக்கி, அதைக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

சென்சார் இல்லாமல் லைசேட்டும் ஏடிபியும் மட்டும் போட்ட வெல், செல்லின் சொந்த வெளிச்சத்தைக் காட்டும். செல்லில் இருக்கும் என்ஏடிஎச் 340 பக்கம் உறிஞ்சி 460 பக்கம் ஒளிரும், நம் சாக்ஸின் வாசலிலேயே நிற்கும். லைசேட் இல்லாமல் சென்சாரும் ஏடிபியும் போட்ட வெல், சென்சாரின் அடிப்படை ஒளி. ஏடிபி மட்டும் போடாத வெல், அலனின் பெப்டைடு போட்ட வெல். இவற்றில் கோடு தட்டையாக ஓட வேண்டும். அப்புறம் பிகேஐ பெப்டைடு போட்ட வெல். பிகேஏவை மட்டும் குறிபார்த்து நிறுத்தும் தடுப்பான் இது. கெம்ப்டைடு சரத்தை வேறு சில கைனேஸ்களும் தொடும் என்பதால், பிகேஐ போட்டும் மிஞ்சும் சரிவு பிகேஏவுடையது ஆகாது. 1 மைக்ரோமோலார் போட்டு, ஏடிபிக்கு முன் பத்து நிமிடம் வையுங்கள். கடைசியாக, லைசேட்டோடு பாஸ்பேட் ஏறிய பெப்டைடு 10 மைக்ரோமோலார். இது நூறு சதவீத வெளிச்சம் எவ்வளவு என்று சொல்லும். இது நேரம் போகப் போக இறங்கினால் இரண்டு காரணம்: லைசேட்டில் பாஸ்பேட்டேஸ் பாஸ்பேட்டைக் கழற்றுகிறது, அல்லது ரீடரின் ஒளி பட்டுப் பட்டுச் சாக்ஸ் வெளுக்கிறது. லைசேட் இல்லாத வெல்லிலும் இதே பெப்டைடை வைத்தால் எது என்று பிரித்துவிடலாம்.

எல்லாம் மூன்று மூன்று வெல். ஏடிபியைக் கடைசியில் சேர்த்து வினையைத் தொடங்குங்கள்.

போன மாதம் ஒரு பெண் தன் வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினாள்.

"அக்கா, ஏடிபி போடாத வெல்லும் ஏறுதுக்கா. மூணு வெல்லும் ஏறுது."

"ஏடிபியை எப்படிப் போட்டே?"

"வரிசையா, ஒரே டிப்புல."

"தண்ணி போட வேண்டிய வெல்லுக்கும் அதே டிப்பா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் குறிப்பேட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள். 10 மில்லிமோலார் ஏடிபி ஸ்டாக். டிப்பின் முனையில் ஒட்டியிருந்தது 0.1 மைக்ரோலிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 100 மைக்ரோலிட்டர் வெல்லில் அது 10 மைக்ரோமோலார். பிகேஏவுக்குப் பாதி வேகம் எடுக்க அந்த 10 மைக்ரோமோலாரே போதும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி, ஏடிபி இல்லாத வெல்லை ஏடிபி உள்ள வெல்லாக மாற்றிவிட்டது. ஏடிபி இல்லாத வெல்களை முதலில் முடித்துவிட்டு, அப்புறம் புது டிப்பில் ஏடிபியைத் தொடுவது என்று அன்றைக்கே அவள் தன் நெறிமுறையின் மேலே எழுதி வைத்தாள். நீங்களும் எழுதி வையுங்கள்.

ரீடரில் வைத்த பிறகு

பிளேட்டை 30 டிகிரிக்கு வந்த பிறகு தொடங்குங்கள். குளிர்ந்த கரைசல் சூடாகும்போது ஒளிர்வு தானாகவே இறங்கும், முதல் சில நிமிடம் கோடு கோணலாக வரும். நீர்க்குமிழி இருந்தால் சுத்தமான ஊசியால் உடையுங்கள். ஓரத்து வெல்களில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும் என்பதால் அவற்றில் வெறும் பஃபரை ஊற்றிவிட்டு உள்ளே வேலை பாருங்கள். 360இல் ஒளியூட்டி 485இல் படியுங்கள், அரை நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு, அரை மணி நேரம். கெய்ன் எனும் ஒளி பெருக்க அளவை நூறு சதவீத வெல்லை வைத்து ஒரு தடவை நிர்ணயித்தால் அந்தத் தொகுப்பு முடியும்வரை மாற்றக் கூடாது.

இன்னொன்று, என் அனுபவத்தில் நேரத்தை அதிகம் தின்றது. ஒரு வாரம் முழுக்க எனக்கு ஏதாவது இரண்டு வெல் மட்டும் காரணமில்லாமல் மூன்று மடங்கு ஒளிர்ந்தது. இடம் மாறிக்கொண்டே இருக்கும். பெப்டைடு, பஃபர், பிப்பெட் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு, கடைகளில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா டார்ச்சைப் பிளேட்டின் மேல் அடித்துப் பார்த்தேன். ஒரு வெல்லில் மயிரிழை அளவுக்கு ஒரு நூல், நீலமாக மின்னிக்கொண்டு மிதந்தது. குனிந்து பார்த்தேன். என் வெள்ளைக் கோட்டின் கை முழுவதும் அதே நீலம்.

சலவைத் தூளில் வெண்மை கூட்டச் சேர்க்கும் பொருள்கள் புற ஊதாவை வாங்கி நீலத்தைக் கொடுப்பவை. கிட்டத்தட்ட நம் சாக்ஸ் இருக்கும் அதே ஜன்னல். எம்.சி. ரோட்டில் ஒரு புது வெள்ளை வேட்டியை வாங்கி ஊதா வெளிச்சத்தில் பிடித்தால் எப்படி ஜொலிக்கும் என்று பார்த்தால் புரியும். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்ததால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டையில் அன்றைக்கு வெயிலும் தண்ணீரும்தான் வெளுப்பு. இன்றைய வெளுப்பு ஒளிர்கிறது. அதனால் பிளேட்டை நிரப்பும்போது கோட்டின் கையை மடித்து, கையுறைக்குள் செருகுங்கள். டிஷ்யூ காகிதத்தால் பிளேட்டின் மேல்புறத்தைத் துடைக்காதீர்கள், அதிலும் இதே பொருள் இருக்கலாம். ஊதா டார்ச் ஒன்றை மேசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கண்ணில் நேராக அடிக்காமல்.

கோட்டிலிருந்து எண்ணுக்கு

ரீடர் தருவது அதற்கே உரிய அலகு. அதை அப்படியே எழுதினால் அடுத்த கூடத்தில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம், எண்கள் எடுத்துக்காட்டுக்கு.

லைசேட்டில் 10 மைக்ரோமோலார் சென்சாரின் தொடக்க ஒளி 2,000. அதே லைசேட்டில் 10 மைக்ரோமோலார் பாஸ்பேட் ஏறிய பெப்டைடு 12,000. வித்தியாசம் 10,000. அப்படியானால் ஒரு மைக்ரோமோலார் மாறினால் 1,000 அலகு ஏறும். உங்கள் கோட்டின் சரிவு நிமிடத்துக்கு 50, பிகேஐ போட்ட வெல்லில் 10. கழித்தால் 40. அதாவது நிமிடத்துக்கு 0.04 மைக்ரோமோலார். 100 மைக்ரோலிட்டரில் அது 4 பிகோமோல். வெல்லில் 5 மைக்ரோகிராம் புரதம் போட்டிருந்தால், நிமிடத்துக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு 0.8 பிகோமோல். இந்த எண்ணை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ப் பேசலாம்.

நூறு சதவீத வெல்லை ஏன் லைசேட்டிலேயே வைக்கச் சொன்னேன் என்றால், லைசேட்டின் நிறமும் கலங்கலும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். வெறும் பஃபரில் வைத்த அளவுகோலை லைசேட்டுக்குப் பயன்படுத்தினால் நொதியைக் குறைவாக மதிப்பிடுவீர்கள்.

சரிவை எந்தப் பகுதியில் எடுப்பது என்பதில் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். சென்சாரில் பத்தில் ஒரு பங்கு மாறும்வரை மட்டுமே கோடு நேராக இருக்கும் என்று நம்பலாம். மேலே சொன்ன 50 அலகு வேகத்தில் அது 20 நிமிடம். அதற்குப் பிறகு சென்சார் குறையும், வளைவு வரும். அரை மணி நேரம் கழித்து ஒரே ஒரு வாசிப்பு எடுத்து ஒப்பிட்டால், வேகமான மாதிரியும் நடுத்தரமான மாதிரியும் ஒன்றாகத் தெரியும்.

முறை நிலைத்துவிட்டதா என்று பார்க்க 1999இலிருந்து புழக்கத்தில் இருக்கும் இசட் பிரைம் கணக்கு உதவும். வேலை செய்யும் வெல்கள், தடுத்த வெல்கள் இரண்டின் நியம விலகலையும் கூட்டி, மூன்றால் பெருக்கி, இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தால் வகுத்து, ஒன்றிலிருந்து கழியுங்கள். 0.5க்கு மேல் வந்தால் நம்பி மாதிரிகளை வைக்கலாம். கீழே வந்தால் மாதிரியை வீணாக்காமல் பிப்பெட்டிங்கையும் லைசேட் அளவையும் சரிசெய்யுங்கள். மூன்று வெல்லில் இந்தக் கணக்கு நிற்காது, ஒரு நாள் ஒதுக்கி ஒவ்வொன்றுக்கும் எட்டு பன்னிரண்டு வெல் போட்டுச் செய்யுங்கள்.

மூன்று வெல் என்பது ஒரே லைசேட்டை மூன்று தடவை அளந்தது. அதை மூன்று சோதனை என்று எழுதக் கூடாது. வேறு வேறு நாளில் வளர்த்த செல்களிலிருந்து குறைந்தது மூன்று தடவை செய்து, ஒவ்வொரு நாளின் விகிதத்தையும் தனித்தனிப் புள்ளியாக வரையுங்கள்.

அன்றைக்கு மிஞ்சிய லைசேட்டை மறுபடி உறைய வைக்காதீர்கள். முதலிலேயே சிறிது சிறிதாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் முக்கி, மைனஸ் 80இல் வைத்ததைத்தான் அடுத்த நாள் எடுக்க வேண்டும். குறிப்பேட்டில் தேதி, பெப்டைடு ட்யூபின் எண், எத்தனையாவது தடவை உருக்கியது, ஏடிபியின் பிஎச், கெய்ன், செல்லை உடைத்த நேரம், முதல் வாசிப்பு நேரம் எல்லாவற்றையும் பிளேட் ரீடருக்குள் ஓடும்போதே எழுதிவிடுங்கள். கையில் அரை மணி நேரம் இருக்கிறது.